நாலரை அடித் தடுப்பு

2011ஆம் ஆண்டு ஏப்ரலில் இந்திய அரசிதழில் வெளியான ஒரு விதித்தொகுப்பில், தச்சர்கள் மட்டுமே கவலைப்படக்கூடிய ஓர் அளவு இடம்பெற்றது. சைபர் கஃபேக்களில் கணினிகளுக்கிடையே தடுப்பு வைப்பதானால், அதன் உயரம் தரையிலிருந்து நாலரை அடியைத் தாண்டக் கூடாது. தடுப்பு இல்லாத கணினிகளின் திரைகள் கடையின் பொதுவெளியை நோக்கியே திரும்பியிருக்க வேண்டும். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின்கீழ் இயற்றப்பட்ட இவ்விதிகள், கணினியின் முன் அமர வருகிறவர் அடையாளச் சான்று காட்ட வேண்டும் என்றன. அவருடைய பெயரும் முகவரியும் வந்த நேரமும் போன நேரமும் பதிவேட்டில் ஏற வேண்டும் என்றன. கடைக்காரர் விரும்பினால் வலைக் கேமராவால் அவரைப் படம் பிடித்துக்கொள்ளலாம் என்றன. இவற்றுக்கெல்லாம் மேலாக, எந்தக் கணினியிலிருந்து எந்தெந்த இணையதளங்கள் பார்க்கப்பட்டன என்ற பட்டியலைக் குறைந்தது 1 ஆண்டு பாதுகாக்கும் கடமையும் கடைக்காரர் தலையில் விழுந்தது.

தமிழ்நாட்டில் 'பிரவுசிங் சென்டர்' என்று பெயர்ப்பலகை தாங்கிய அந்தக் கடைகளைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தத் தடுப்பின் பொருள் நன்றாகத் தெரியும். ஒட்டுப்பலகையால் ஆன அந்தச் சிறு கூண்டுக்குள்தான் தேர்வு முடிவைப் பார்த்து யாரோ தனியாக அழுதார்கள். வெளிநாட்டிலிருக்கும் மகனுக்கு ஒரு தாய் கடைப்பையனின் துணையோடு மின்னஞ்சல் அனுப்பினார். மருத்துவரிடம் வாய்விட்டுக் கேட்கக் கூசிய ஐயத்தை ஓர் இளைஞர் தேடுபொறியிடம் கேட்டார். தகாத படம் பார்த்தவர்களும் இருந்தார்கள், அதை மறைப்பதற்கில்லை. ஆனால் விதியை எழுதியவர்களின் மனத்தில் அந்தக் கடைசி வகையினரும், மிரட்டல் மின்னஞ்சல் அனுப்பும் குற்றவாளியும் மட்டுமே நின்றார்கள். கர்நாடகம் 2004இலேயே இத்தகைய விதிகளை மாநில அளவில் கொண்டுவந்திருந்தது. 2011இல் அது நாடு முழுமைக்குமான ஒழுங்காயிற்று.

இணையத்தில் உலவும்போது தன் அந்தரங்கத்தைக் காத்துக்கொள்வது என்றவுடன் இன்று நினைவுக்கு வருவன கடவுச்சொல், வி.பி.என், உலாவியின் மறைநிலைச் சாளரம் போன்ற கருவிகள். இந்தியாவில் இந்தக் கதை கருவிகளிலிருந்து தொடங்கவில்லை. கம்பியில் ஓடும் செய்தியைப் படிக்கும் உரிமை யாருக்கு என்ற கேள்வி, கணினி பிறப்பதற்கு முன்பே இங்கே எழுப்பப்பட்டு, ஆள்வோருக்குச் சாதகமாக விடையும் எழுதப்பட்டுவிட்டது.

1885ஆம் ஆண்டின் இந்தியத் தந்திச் சட்டம் அந்த விடை. அதன் 5ஆவது பிரிவு, பொது நெருக்கடி நேரும்போதோ பொதுமக்களின் பாதுகாப்பை முன்னிட்டோ அரசு எந்தச் செய்தியையும் இடைமறிக்கலாம் என்றது. 1857இன் நினைவு கலையாத ஓர் ஆட்சி, தந்திக் கம்பியை எவ்வளவு மதித்ததோ அவ்வளவு அஞ்சியது என்பதை அந்தப் பிரிவின் வாசகமே காட்டிவிடுகிறது. 13 ஆண்டுகள் கழித்து வந்த அஞ்சலகச் சட்டத்தின் 26ஆவது பிரிவு கடிதங்களுக்கும் அதே கதியை விதித்தது. இரண்டு சட்டங்களும் அடிமை நாட்டுக்காக எழுதப்பட்டவை. விடுதலைக்குப் பிறகும் இரண்டும் நீடித்தன.

நீடிக்காமல் போயிருக்கக்கூடிய ஒரு தருணம் 1947இல் இருந்தது. அடிப்படை உரிமைகளை வகுத்த துணைக்குழுவின் முன் வந்த வரைவுகளில், கே.எம். முன்ஷியுடையது கடிதப் போக்குவரத்தின் இரகசியத்தை உரிமையாகக் கோரியது. அம்பேத்கருடையது நியாயமற்ற சோதனைக்கும் பறிமுதலுக்கும் எதிரான பாதுகாப்பைக் கோரியது. எதிர்ப்புக் குரல் எழுப்பியவர்களில் முதன்மையானவர், சென்னை மாகாணத்தின் அட்வகேட் ஜெனரலாக நீண்டகாலம் விளங்கிய அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர். கடித இரகசியத்தை அரசமைப்பு உரிமையாக்கினால் ஒவ்வொரு தனியார் கடிதமும் அரசாங்க ஆவணத்தின் தகுதிக்கு உயர்ந்துவிடும், உரிமையியல் வழக்குகளில் சான்றாகக் காட்ட வேண்டிய காகிதங்கள்கூட எட்டாமல் போகும் என்பது அவர் வாதம். அரசமைப்பு ஆலோசகர் பி.என். ராவ் காவல்துறைப் புலனாய்வு தடைபடும் என்றார். ஆலோசனைக் குழுவின் மேசையில் அந்த உரிமை கைவிடப்பட்டது. அடுத்த ஆண்டு டிசம்பரில் காசி சையத் கரிமுத்தீன், சோதனையும் பறிமுதலும் பற்றிய பாதுகாப்பை ஒரு திருத்தமாகக் கொண்டுவந்தபோது அம்பேத்கர் அதை ஏற்கத் தயாராகவே இருந்தார். அவை ஏற்கவில்லை. நல்ல வழக்கறிஞர்கள் நல்ல நோக்கத்தோடு எடுத்த முடிவுதான் அது. இருந்தும் அதற்கான விலையை அடுத்த 70 ஆண்டுகள் கொடுக்க வேண்டியிருந்தது.

முதல் தவணை 1954இல். ஒரு நிறுவனத்தின் கணக்குப் புத்தகங்களைச் சோதனையிட்டது தொடர்பான எம்.பி. சர்மா வழக்கில் 8 நீதிபதிகள் கொண்ட அமர்வு, அமெரிக்க அரசமைப்பில் உள்ளதைப் போன்ற பாதுகாப்பு நம் அரசமைப்பில் இல்லை. இல்லாததை வலிந்து புகுத்துவதற்கில்லை என்றது. இரண்டாவது தவணை இன்னும் கடுமையானது. அதற்குள் நின்றுபோன மனிதரின் பெயர் கரக் சிங்.

உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த கரக் சிங் 1941இல் ஒரு கொள்ளை வழக்கில் பிடிக்கப்பட்டு, சான்று இல்லை என்று விடுவிக்கப்பட்டவர். காவல்துறை அவரை மறக்கவில்லை. அவர் பெயரில் ஒரு 'ஹிஸ்டரி ஷீட்' திறக்கப்பட்டது. இரவில் சௌக்கிதாரும் காவலரும் வந்து கதவைத் தட்டுவார்கள், கூச்சலிட்டு எழுப்புவார்கள், வீட்டுக்குள்ளும் நுழைவார்கள். ஊரை விட்டு வெளியே போவதானால் எங்கே போகிறார், எப்போது திரும்புவார் என்று சொல்லிவிட்டுப் போக வேண்டும். உத்தரப் பிரதேசக் காவல் ஒழுங்குமுறையின் 236ஆவது பத்தி இதற்கெல்லாம் ஆதாரம். அந்தப் பத்தியின் உட்பிரிவுகளை இன்றைய கண்ணோடு படிப்பது விந்தையான அனுபவம். வீட்டுக்கு வரும் வழிகளை மறைவாகக் கண்காணித்தல். பழக்கவழக்கம், கூட்டாளிகள், வருமானம், செலவு, தொழில் ஆகியவற்றை அவ்வப்போது விசாரித்தல். நடமாட்டத்தையும் வீட்டில் இல்லாத நேரங்களையும் குறித்தல். அந்தக் குறிப்புகளை வேறிடத்துக் குறிப்புகளோடு ஒத்துப்பார்த்தல். திரட்டிய அனைத்தையும் ஒரே தாளில் சேர்த்தல். விளம்பர நிறுவனங்களின் குக்கீகள் பல உலாவிகளில் இன்று ஓசையின்றிச் செய்யும் வேலையின் பட்டியல் ஏறக்குறைய இதுதான். உலாவியில் பார்த்த பக்கங்களின் பட்டியலுக்கும் 'ஹிஸ்டரி' என்றே பெயர் வாய்த்தது தற்செயல்தான். ஆயினும் பொருத்தமான தற்செயல்.

1962 டிசம்பரில் வந்த தீர்ப்பில், பெரும்பான்மை நீதிபதிகளின் சார்பில் எழுதியவர் என். ராஜகோபால ஐயங்கார். இரவில் வீட்டுக்குள் நுழைவது சட்டவிரோதம் என்று அந்த உட்பிரிவை மட்டும் அவர் ரத்துசெய்தார். எஞ்சியவை செல்லும், அந்தரங்கம் நம் அரசமைப்பு உறுதிசெய்த உரிமை அன்று என்றார். மாறுபட்ட தீர்ப்பை எழுதிய கே. சுப்பா ராவ், கண்காணிப்புக்கு உட்பட்டவனின் நடமாட்டத்தைச் சுதந்திரமான நடமாட்டம் என்று எப்படிச் சொல்வது என்று கேட்டார். பார்க்கப்படுகிறோம் என்ற உணர்வே மனத்துக்கு விலங்காகும் என்பது அவர் எழுதியதன் சாரம். கேமராவோ கணினியோ எங்கும் பரவாத காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சிறுபான்மைத் தீர்ப்பு, அடுத்து வந்த 55 ஆண்டுகள் வழக்கறிஞர்கள் மேற்கோள் காட்டுவதற்கு மட்டுமே பயன்பட்டது.

இடையில் கதவு சிறிது சிறிதாகத் திறந்தது. 1975இல் கோவிந்த் வழக்கில் நீதிபதி மாத்யூ, அப்படியோர் உரிமை இருப்பதாக வைத்துக்கொண்டு பேசலாம் என்ற அளவுக்கு வந்தார். 1994இல் தமிழ்நாட்டு வழக்கொன்று அதை மேலும் தள்ளியது. மரண தண்டனைக் கைதி ஆட்டோ சங்கரின் தன்வரலாற்றை நக்கீரன் இதழ் வெளியிடுவதைச் சிறை அதிகாரிகள் தடுக்க முயன்ற வழக்கு அது. தன்னைத் தன் போக்கில் விடக் கோரும் உரிமை 21ஆவது உறுப்பில் அடங்கியிருக்கிறது என்று உச்ச நீதிமன்றம் கூறியது. அதே மூச்சில், வெளியீட்டை முன்கூட்டியே தடுக்கும் அதிகாரம் அரசுக்கோ அதிகாரிகளுக்கோ இல்லை என்றும் கூறியது. அந்தரங்கத்தின் பெயரால் அதிகாரிகள் ஒளிந்துகொள்ள முடியாது என்ற இந்தப் பாதியைப் பிற்காலத்துச் சட்டமியற்றிகள் நினைவில் வைத்திருந்தால் நன்றாயிருந்திருக்கும்.

கடிதத்தின் கதையில் இதைவிட நாடகத்தன்மை மிகுந்த ஒரு திருப்பம் உண்டு. 1986இல் ராஜீவ் காந்தி அரசு, கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரத்தை விரிவாக்கும் அஞ்சலகத் திருத்த மசோதாவை இரு அவைகளிலும் நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் கியானி ஜெயில் சிங் அதில் கையெழுத்திடவும் இல்லை, திருப்பி அனுப்பவும் இல்லை. மசோதா அவர் மேசையிலேயே தங்கிவிட்டது. அவருக்கும் பிரதமருக்கும் இடையிலிருந்த கசப்பே காரணம் என்போர் உண்டு. காரணம் எதுவாயினும், இந்தியக் குடிமக்களின் அந்தரங்கத்துக்கு அந்த நூற்றாண்டில் கிடைத்த மிக உறுதியான பாதுகாப்பு ஒரு முதியவரின் மௌனமாக இருந்தது. அந்த மசோதா சட்டமாகவே இல்லை.

தொலைபேசிக்கு அப்படியொரு காவலர் வாய்க்கவில்லை. அரசியல்வாதிகள் பலருடைய தொலைபேசிகள் ஒட்டுக்கேட்கப்பட்டதாக மத்தியப் புலனாய்வுத் துறை தயாரித்த அறிக்கை 1991இல் 'மெயின்ஸ்ட்ரீம்' இதழில் வெளியாக, மக்கள் சிவில் உரிமைக் கழகம் உச்ச நீதிமன்றம் சென்றது. 1996 டிசம்பரில் வந்த தீர்ப்பு, வீட்டிலோ அலுவலகத்திலோ குறுக்கீடின்றித் தொலைபேசியில் பேசுவது அந்தரங்க உரிமையின் பகுதி என்றது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தின் 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' ஆகிய சொற்கள் வெறும் அலங்காரமல்ல. அவற்றில் ஒன்றாவது உண்மையிலேயே இருந்தாலொழிய இடைமறிக்கக் கூடாது என்றும் விளக்கியது. எல்லாம் சரி. ஒட்டுக்கேட்க அனுமதி தருவது நீதிபதியாக இருக்க வேண்டும் என்ற கழகத்தின் வேண்டுகோளை மட்டும் ஏற்கவில்லை. உள்துறைச் செயலர் ஆணையிடுவார், செயலர்களைக் கொண்ட குழு அதைச் சரிபார்க்கும். இந்த ஏற்பாட்டின் தரம் பின்னாளில் வெளிப்பட்டது. மத்திய அரசு மட்டும் மாதத்துக்கு 7,500 முதல் 9,000 வரை தொலைபேசி இடைமறிப்பு ஆணைகள் பிறப்பிப்பதாகத் தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் ஒரு பதில் வந்தது. சரிபார்க்கும் குழு கூடுவதோ 2 மாதத்துக்கு ஒரு முறை. அப்படியானால் ஒரே அமர்வில் 15,000 முதல் 18,000 ஆணைகளைப் படித்து முடிக்க வேண்டும் என்று நீதிபதி ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் கணக்கிட்டது.

இந்தத் தீர்ப்புக்கு ஓராண்டு முன்பு, 1995 ஆகஸ்ட் 15 அன்று, விதேஷ் சஞ்சார் நிகம் பொதுமக்களுக்கு இணைய இணைப்பைத் திறந்துவிட்டிருந்தது. தொலைபேசிக் கம்பி வழியாக மோடம் கிறீச்சிட்டு இணையும் காலம். இங்கே கவனத்துக்குரியது வேகமன்று, ஒரு கணக்கு. 1998இல் தனியார் இணையச் சேவைக்கு உரிமம் வழங்கத் தொடங்கியபோது, உரிம ஒப்பந்தத்தில் அரசு ஒரு நிபந்தனை வைத்தது. முன் அனுமதியின்றிப் பயன்படுத்தத்தக்க மறையீட்டின் திறவுகோல் நீளம் 40 பிட் வரை மட்டுமே. அதற்கு மேல் வேண்டுமானால் அனுமதி பெற வேண்டும். திறவுகோலையும் அரசிடம் ஒப்படைக்க வேண்டும். பூட்டு விற்பவரிடம், திருடன் எளிதில் திறக்கக்கூடிய பூட்டாக விற்கச் சொல்வது போன்றது இது. அந்நாளிலேயே 40 பிட் மறையீட்டை உடைத்துக் காட்டியிருந்தார்கள். 2001 ஜூனில் ரிசர்வ் வங்கி இணைய வங்கிச் சேவைக்கு வழிகாட்டுதல் வெளியிட்டபோது, உலாவிக்கும் வங்கியின் வழங்கிக்கும் இடையில் குறைந்தது 128 பிட் மறையீடு வேண்டும் என்றது. ஒரே நாட்டில் ஒரே கம்பியில், ஒரு துறை வேண்டாம் என்றதை மற்றொரு துறை வேண்டும் என்றது. பணம் பத்திரமாயிருக்க வேண்டும், பேச்சு பத்திரமாயிருக்க வேண்டியதில்லை என்று இதற்குப் பொருள் கொண்டால் அது முற்றிலும் தவறாகிவிடாது.

2000ஆம் ஆண்டின் தகவல் தொழில்நுட்பச் சட்டம் வணிகத்துக்காக வந்தது. அதற்குப் பல் முளைத்தது 2008 டிசம்பரில், மும்பைத் தாக்குதலின் இரத்தம் உலர்வதற்குள். பெரிய விவாதமின்றி நிறைவேறிய திருத்தத்தின் 69ஆவது பிரிவு, எந்தக் கணினி வழிச் செல்லும் தகவலையும் இடைமறிக்கவும் மறையீட்டை நீக்கவும் அரசுக்கு அதிகாரம் தந்தது. 1885ஆம் ஆண்டுச் சட்டத்தில் வெள்ளைக்காரன் வைத்த 'பொது நெருக்கடி' என்ற வாசற்படிகூட இதில் இல்லை. ஒரு குற்றத்தைப் புலனாய்வு செய்வதே போதுமான காரணமாயிற்று. நாலரை அடித் தடுப்பு விதி இந்தச் சட்டத்தின் குழந்தைதான்.

அடுத்த சில ஆண்டுகளை விரைந்து கடக்கலாம். 2010இல் பிளாக்பெர்ரி நிறுவனத்துடன் அரசு மோதியது. மறையீடு செய்யப்பட்ட செய்திகளைத் திறந்து காட்டாவிட்டால் சேவையை நிறுத்துவதாக எச்சரித்தது. 2013இல் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அமெரிக்க உளவமைப்பு ஒரே மாதத்தில் இந்தியாவிலிருந்து 630 கோடித் தகவல் துணுக்குகளைத் திரட்டியதைக் காட்டின. தன் மக்களின் பூட்டுகள் பலவீனமாயிருக்க வேண்டும் என்று விரும்பிய அரசுக்கு, அந்தப் பூட்டுகளை அயலாரும் திறப்பார்கள் என்பது அப்போது தெரிந்திருக்க வேண்டும்.

2015 சற்று நின்று பார்க்கத்தக்க ஆண்டு. அந்த ஜூனில் பெங்களூரைச் சேர்ந்த ஒரு நிரலாளர், ஏர்டெல் 3ஜி இணைப்பில் தன் சொந்த வலைப்பக்கத்தைத் திறந்தபோது, தான் எழுதாத நிரல் வரிகள் அதில் செருகப்பட்டிருப்பதைக் கண்டார். அதைப் பொதுவில் வெளியிட்டார். அந்த நிரலின் உரிமையாளரான ஃபிளாஷ் நெட்வொர்க்ஸ் என்ற இஸ்ரேலிய நிறுவனத்திடமிருந்து அவருக்குக் கிடைத்தது வழக்கறிஞர் நோட்டீஸ். குற்றச்சாட்டு, பதிப்புரிமை மீறல். வாடிக்கையாளர்கள் தாம் செலவிட்ட தரவின் அளவை அறிய உதவும் சோதனை முயற்சி அது என்று ஏர்டெல் விளக்கியது. நோக்கம் அதுவேயாகலாம். ஆனால் தபால்காரர் உறையைப் பிரித்து உள்ளே ஒரு சீட்டு வைத்து மீண்டும் ஒட்டித் தர முடியும் என்பதை மக்கள் முதன்முதலாகக் கண்ணால் கண்டது அப்போதுதான். அன்று பெரும்பாலான தளங்கள் மறையீடு இல்லாத பழைய எச்டிடிபி முறையில் இயங்கியதால் அது சாத்தியமாயிற்று. முகவரிப் பட்டியில் தோன்றும் சிறு பூட்டுச் சின்னத்தின் அருமை அதற்குப் பிறகே பலருக்குப் புரிந்தது. அந்தப் பூட்டு எதை மறைக்கும், எதை மறைக்காது என்பதும் தெரிந்திருக்க வேண்டியது. எந்தப் பக்கத்தில் எதைப் படிக்கிறார் என்பதைச் சேவை நிறுவனம் பார்க்க முடியாது. எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பதைப் பெரும்பாலும் பார்க்க முடியும். உலாவியின் மறைநிலைச் சாளரத்தின் எல்லை இன்னும் குறுகியது. அடுத்து அதே கருவியைத் தொடுகிறவரிடமிருந்து அது மறைக்கும். கம்பியின் மறுமுனையில் இருப்பவரிடமிருந்து மறைக்காது. அண்ணனும் தங்கையும் ஒரே கைபேசியைப் பகிரும் வீடுகள் நிறைந்த இந்த நாட்டில் அந்த முதற்பயனை இளக்காரமாகப் பேசவும் முடியாது.

அதே ஆண்டு செப்டம்பரில் தேசிய மறையீட்டுக் கொள்கையின் வரைவு வெளியானது. குடிமக்கள் தாம் மறையீடு செய்து அனுப்பும் செய்திகளின் மூல வடிவத்தை 90 நாள் வைத்திருந்து, கேட்கும்போது காட்ட வேண்டும் என்றது அது. அதாவது, ஒவ்வொருவரும் தன் உரையாடல்களைத் தானே அழிக்காமல் காக்க வேண்டும். நாடெங்கும் எழுந்த நகைப்பும் சினமும் கலந்த ஒலியில், வாட்ஸ்அப் போன்றவற்றுக்கு விலக்கு என்று முதலில் ஒரு திருத்தம் வந்தது. அடுத்த நாளே வரைவு முழுதும் திரும்பப் பெறப்பட்டது. 130 ஆண்டு வரலாற்றில் பொதுமக்களின் கூச்சல் மட்டுமே ஓர் அரசாணையை இவ்வளவு விரைவில் வீழ்த்தியது அபூர்வம்.

அதற்குச் சில வாரங்கள் முன்பு, ஆதார் வழக்கில் மத்திய அரசின் தலைமை வழக்கறிஞர் உச்ச நீதிமன்றத்தில் எழுந்து, இந்தியர்களுக்கு அந்தரங்கம் என்ற அடிப்படை உரிமையே கிடையாது என்று வாதிட்டிருந்தார். அவர் கையில் இருந்த ஆயுதங்கள் எம்.பி. சர்மாவும் கரக் சிங்கும். அதனால்தான் 9 நீதிபதிகள் அமர வேண்டியதாயிற்று. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒருமித்து வந்த தீர்ப்பு, அந்த இரு பழைய தீர்ப்புகளின் தடையை நீக்கியது. வழக்கைத் தொடுத்த கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. அப்போது அவருக்கு வயது 90ஐக் கடந்திருந்தது. நீதிபதி சந்திரசூட் எழுதிய 'முதன்மைக் கருத்துரையில் குக்கீகள் உலாவியை எப்படி அடையாளம் காண்கின்றன, பார்த்த பக்கங்களின் வரலாற்றிலிருந்து ஒருவரின் குணச்சித்திரம் எப்படித் தீட்டப்படுகிறது என்ற விளக்கம் இடம்பெற்றது. சுப்பா ராவின் பழைய மாறுபாடு கடைசியில் நாட்டின் சட்டமாயிற்று.

உரிமை உண்டு என்று சொல்லப்பட்டபின் நடந்தவை வேறு திசையில் சென்றன. 2018 டிசம்பரில் உள்துறை அமைச்சகம் எந்தக் கணினியையும் இடைமறிக்கத் தகுதியுள்ள 10 அமைப்புகளின் பட்டியலை வெளியிட்டது. காஷ்மீரில் மாதக்கணக்கில் துண்டித்திருந்த இணையத்தை 2020 ஜனவரியில் திரும்பத் தந்தபோது, அரசு அனுமதித்த 301 தளங்களை மட்டுமே, அதுவும் 2ஜி வேகத்தில், பார்க்க இயன்றது. பள்ளத்தாக்கின் இளைஞர்கள் வி.பி.என் செயலிகளின் துணையை நாடினார்கள். அவற்றின் வழியே சமூக ஊடகம் பார்த்தோர் மீது காவல்துறை வழக்குப் பதிந்தது. அந்தரங்கக் கருவி ஒன்றைப் பயன்படுத்துவதே ஐயத்துக்கு இடமாகும் நிலை அங்கே முதலில் தோன்றியது.

வாட்ஸ்அப் செய்தியை முதலில் அனுப்பியவரைக் கண்டறிய வேண்டும் என்ற கோரிக்கையின் வேர் சென்னையில் இருந்தது. சமூக ஊடகக் கணக்குகளை ஆதாருடன் இணைக்கக் கோரி 2018இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் தொடுக்கப்பட்ட வழக்கு, மெல்ல வேறு உருவெடுத்தது. ஐஐடி சென்னையின் பேராசிரியர் வி. காமகோடி, மறையீட்டை உடைக்காமலே முதல் அனுப்புநரின் அடையாளத்தைச் செய்தியோடு சேர்த்தனுப்ப இயலும் என்று 2019இல் நீதிமன்றத்தில் யோசனை அளித்தார். ஐஐடி பம்பாயின் பேராசிரியர் மனோஜ் பிரபாகரன் அது பயன்தராது, அப்பாவிகள் சிக்கவைக்கப்படலாம் என்று மறுத்தெழுதினார். இரண்டு ஐஐடிகளுக்கிடையே நடந்த அந்த விவாதம் கல்விப்புலத்துக்கு வெளியே உரிய கவனம் பெறவில்லை. 2021 பிப்ரவரியின் புதிய விதிகள் முதல் அனுப்புநரைக் கண்டறிவதைக் கட்டாயமாக்கின. வாட்ஸ்அப் டெல்லி உயர் நீதிமன்றம் சென்றது. மறையீட்டை உடைக்கச் சொன்னால் நாட்டை விட்டு வெளியேறுவோம் என்று 2024 ஏப்ரலில் அதன் வழக்கறிஞர் கூறினார். தன் பயனர்களின் விவரங்களைத் தாய் நிறுவனத்தோடு பகிரும் கொள்கைக்காக அந்தத் தாய் நிறுவனத்தின் மீது போட்டி ஆணையம் அந்த நவம்பரிலேயே 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது என்பதையும் சேர்த்துப் படித்தால்தான் படம் முழுமையாகும். அந்தரங்கத்தின் காவலராக நீதிமன்றத்தில் நின்றவர் வேறொரு மன்றத்தில் எதிர்த்தரப்பாக நின்றார்.

2022 ஏப்ரல் 28 அன்று கணினி அவசரநிலை மீட்புக் குழுவான செர்ட்-இன் வெளியிட்ட கட்டளை, வி.பி.என் நிறுவனங்கள் தம் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, தொலைபேசி எண், வழங்கப்பட்ட ஐபி எண்கள், எதற்காகச் சேவையைப் பெறுகிறார் என்ற காரணம் ஆகியவற்றைப் பதிந்து 5 ஆண்டு காக்க வேண்டும் என்றது. பதிவே வைப்பதில்லை என்பதையே விற்பனைப் பொருளாகக் கொண்ட நிறுவனங்களிடம் பதிவேடு கேட்கப்பட்டது. எக்ஸ்பிரஸ் வி.பி.என் ஜூனில் தன் இந்திய வழங்கிகளை அகற்றியது. சர்ஃப்ஷார்க், நார்ட், புரோட்டான் ஆகியவை தொடர்ந்தன. அந்தக் கட்டளையின் பட்டியலையும் 2011இன் சைபர் கஃபே பதிவேட்டையும் அருகருகே வைத்துப் பார்த்தால் எழுதிய கை ஒன்றே என்று தோன்றும்: பெயர், முகவரி, நேரம். கடை மட்டும் கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது.

தரவுப் பாதுகாப்புக்கென ஒரு சட்டம் வேண்டும் என்று புட்டசாமி தீர்ப்பு சுட்டிக்காட்டியிருந்தது. ஸ்ரீகிருஷ்ணா குழு 2018இல் வரைவு தந்தது. 2019இன் மசோதா கூட்டுக் குழுவுக்குப் போய் 2022இல் திரும்பப் பெறப்பட்டது. 2023 ஆகஸ்டில் எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் நிறைவேறியது. அதன் விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன. நிறுவனங்கள் ஒப்புதல் பெற்றே தரவைத் திரட்ட வேண்டும் என்பது அதன் நற்பகுதி. தவறினால் 250 கோடி ரூபாய் வரை தண்டம் உண்டு. 17ஆவது பிரிவு, அரசு தான் விரும்பும் தன் அமைப்புகளுக்குச் சட்டத்திலிருந்தே விலக்களிக்க வழி செய்கிறது. 44ஆவது பிரிவோ தகவல் உரிமைச் சட்டத்தைத் திருத்தி, தனிநபர் தகவல் என்ற காரணத்தால் பதில் மறுக்கும் வாய்ப்பை அதிகாரிகளுக்கு அகலமாக்கியது. ஒட்டுக்கேட்பு ஆணைகளின் எண்ணிக்கையை வெளிக்கொணர்ந்தது தகவல் உரிமைச் சட்டம் என்பதை நினைத்தால் இதன் கனம் விளங்கும்.

அதே 2023 டிசம்பரில் இரண்டு பழைய சட்டங்கள் ஒரே கூட்டத்தொடரில் முடிவுக்கு வந்தன. 1898இன் அஞ்சலகச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய சட்டம் வந்தது; கடிதங்களை இடைமறிக்கும் அதிகாரம் அதன் 9ஆவது பிரிவில் இருக்கிறது. இம்முறை குடியரசுத் தலைவரின் ஒப்புதல் தாமதமின்றிக் கிடைத்தது. 1885இன் தந்திச் சட்டத்தின் இடத்தில் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. காலனியச் சட்டங்களைக் களைகிறோம் என்று அரசு கூறியது. புதிய சட்டத்தின் 20ஆவது பிரிவின் 2ஆவது உட்பிரிவில், செய்திகளை இடைமறிக்கும் அதிகாரத்துக்கு முன்னுரையாக, 'பொது நெருக்கடி', 'பொதுப் பாதுகாப்பு' என்ற அந்த இரண்டு சொற்றொடர்களும் இடம்பெற்றிருக்கின்றன. ஆணையிடுபவர் இப்போதும் செயலர். சரிபார்ப்பதும் செயலர்களின் குழுவே.